நிரூபணமா, கணக்கா: லீனியர் அல்ஜீப்ராவை எந்த வழியில் படிப்பது?

கேரளத்தில் 2024-ல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்த பிறகு, எந்தப் பாடத்தை எடுப்பது என்று மாணவர்களே யோசிக்க வேண்டிய இடங்கள் கூடிவிட்டன. பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் கணிதம் படிப்பவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: மேட்ரிக்ஸை வைத்துக் கணக்குப் போடும் லீனியர் அல்ஜீப்ரா போதுமா, தேற்றம், நிரூபணம் என்று போகும் பாடத்தை எடுக்கணுமா? நான் இரண்டையும் படித்தவன். முதலாவது கட்டாயப் பாடமாக வந்தது, இரண்டாவதை நானே விரும்பி எடுத்தேன். என் சாய்வு நிரூபணப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

கணக்குப் பாடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமன்பாட்டுத் தொகுதி, டிடர்மினன்ட், ஐகன் மதிப்பு (மேட்ரிக்ஸால் பெருக்கியும் திசைக்கோடு மாறாத வெக்டர் எத்தனை மடங்காகிறது என்ற எண்) எல்லாம் பயிற்சி செய்தால் மதிப்பெண் தரும். டேட்டா சயின்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு அன்றாடம் கைகொடுப்பதும் இதுதான். எம்.டெக். சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸுக்கென்று தனித்தாளே இருக்கிறது, அதிலும் லீனியர் அல்ஜீப்ரா உண்டு. செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகள் இணையத்தில் இலவசம். நிரூபண வழியில் எழுதிய ஷெல்டன் ஆக்ஸ்லரும் தன் பாடநூலின் நான்காம் பதிப்பை இலவசமாகவே விட்டிருக்கிறார்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். நாம் செய்யும் பிழையை யார் கண்டுபிடிப்பது?

கணக்குப் பாடத்தில் நாமே கண்டுபிடித்துவிடலாம். சமன்பாட்டுக்கு விடை வந்ததா, திரும்ப வைத்துப் பார். நேர்மாறு மேட்ரிக்ஸ் கண்டாயா, பெருக்கிப் பார். ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் மூலைவிட்டத்தில் உள்ள எண்களின் கூட்டுத்தொகை வரணும், வராவிட்டால் எங்கோ தப்பு. இதற்கும் சோம்பல் என்றால் பைத்தானில் ஒரே வரி. ஆக, அந்தப் பாடத்தை வேலைக்குப் போன பிறகு, இரவில் வீட்டில் உட்கார்ந்துகூடப் படித்துக்கொள்ளலாம். ஆசிரியர் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது.

நிரூபணத்துக்கு இப்படித் திரும்ப வைத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. எழுதியவர் கண்ணுக்கு எல்லா வரியும் சரியாகத்தான் இருக்கும். ஓர் உதாரணம். இரண்டு சப்ஸ்பேஸ்களை, அதாவது ஆதிப்புள்ளி வழியாகப் போகும் கோடு, தளம் போன்ற உள்வெளிகளை, எடுங்கள்; ஒன்றிலிருந்து ஒரு வெக்டர், மற்றதிலிருந்து ஒரு வெக்டர் என்று கூட்டினால் கிடைக்கும் வெளியின் பரிமாணம் எவ்வளவு? இரண்டின் பரிமாணங்களையும் கூட்டி, வெட்டும் பகுதியின் பரிமாணத்தைக் கழித்தால் வந்துவிடும். கணங்களில் உறுப்புகளை எண்ணுவதற்குப் பள்ளியில் படித்த சூத்திரத்தின் சாயல் அப்படியே இருக்கிறது. அதனால் மூன்று சப்ஸ்பேஸ்களுக்கும் அதே போல நீட்டி எழுதத் தோன்றும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரு தளத்தில் ஆதிப்புள்ளி வழியாகப் போகும் வெவ்வேறு மூன்று கோடுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் பரிமாணமும் 1, எந்த இரண்டும் வெட்டுமிடத்தில் 0. சூத்திரம் 3 என்கிறது, மூன்றையும் கூட்டினால் கிடைக்கும் தளத்தின் பரிமாணமோ 2. இந்த நீட்டலை நோட்டில் எழுதிவிட்டுத் தானே சந்தேகப்படுகிறவர் அபூர்வம். பக்கத்தில் ஒருவர் இருந்து, எங்கள் டீச்சர் கேட்பதுபோல, "இது எவிடெ நின்னு வந்நு?" (இது எங்கிருந்து வந்தது?) என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வீடியோ கேட்காது. அப்படிக் கேட்கும் ஆள் சம்பளத்தோடு, வாரத்தில் பல மணி நேரம் நமக்காக இருக்கும் இடம் கல்லூரி ஒன்றுதான். அதனால் நிரூபணத்தை அங்கேயே படித்துவிட வேண்டும் என்கிறேன்.

எல்லைப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பாடும் உண்டு. பத்து வரை தமிழ் மீடியம், வகுப்பில் விளக்கம் மலையாளத்தில், விடை எழுதுவது ஆங்கிலத்தில். கணக்கு என்றால் எண்களை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். நிரூபணம் முழுக்க வாக்கியம். பூஜ்ஜியமல்லாத ஒவ்வொரு வெக்டரும் ஐகன் வெக்டர் (அப்படித் திசைக்கோடு மாறாத வெக்டர்) என்று கொடுத்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் ஐகன் மதிப்பு உண்டு என்றுதான் பொருள். எல்லாவற்றுக்கும் அது ஒரே மதிப்பு என்பதைத் தனியாக நிரூபிக்கணும். ஆங்கில வாக்கியத்தில் சொற்களை அவசரமாக அடுக்கும்போது இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். முதல் செமஸ்டரில் பலருக்கு மதிப்பெண் இறங்குவது இதனால்தான் என்பது என் கணிப்பு. முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றினால் பிடி கிடைக்கும்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு அதிக யோசனை வேண்டாம். கணிதத் தாளின் மூன்றாம் பகுதியில் ஒரு கேள்விக்கு 4.75 மதிப்பெண். சரியான விடை ஒன்றுக்கு மேலும் இருக்கலாம், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். அந்த மூன்று கோடு மாதிரியான எதிர் உதாரணங்கள் கைவசம் இல்லாமல் அங்கே தேறுவது கஷ்டம். கம்பெனி நேர்காணல்களில் எது எடுபடும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை, நண்பர்கள் சொல்வதும் ஆளுக்கொன்றாக இருக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும். நான் சொன்னதெல்லாம் திருத்தித் தர ஆள் இருக்கும் வகுப்புக்கு. பாடத்தைப் பதிவு செய்வதற்கு முன், போன வருடம் அதை எடுத்த அக்கா, அண்ணன்மாரிடம் அசைன்மென்ட் நோட்டை வாங்கிப் பாருங்கள். வெறும் டிக்கும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் கணக்குப் பாடத்தையே எடுத்து நல்ல மதிப்பெண் வாங்குங்கள். நிரூபணத்துக்கு, உடன் படிப்பவர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நோட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் பிழையை ஒருவர் தேடுங்கள்.