சைகோனில் எங்கள் பேட்டை ஃபோ கடை: சில வருடங்கள் தொடர்ந்து சாப்பிட்ட பிறகு

ஃபூ நுவான் பகுதியில், ஒரு கார் நுழைந்தால் எதிரே பைக் வரமுடியாத சந்து ஒன்றின் முனையில் இருக்கிறது இந்த ஃபோ கடை (ஃபோ என்றால் அரிசி நூடுல்ஸும் கறியும் போட்ட வியட்நாமிய சூப்). முன்பக்கம் சுவர் கிடையாது, ஷட்டர்தான். உள்ளே ஸ்டீல் மேசைகள், முதுகு சாய முடியாத சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல்கள், வாசலிலேயே ஆவி பறக்கும் பெரிய அண்டா. வேலைக்காக சைகோன் வந்ததிலிருந்து (ஹோ சி மின் நகரம் என்று பலகையில் இருந்தாலும் இங்கே எல்லோரும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்) வாரத்தில் பாதி நாள் காலை டிபன் எனக்கு இங்கேதான். ஒருமுறை வந்து போட்டோ எடுத்துப் போகிறவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் ஒரே கடையில் வருடக்கணக்கில் சாப்பிடும்போது தெரியவரும். அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சூப்புக்காகவே போகலாம். கறி நன்றாக இருக்கும், நூடுல்ஸ் சுமார், உட்காரும் வசதி மோசம். ஆனால் ஃபோ கடை நிற்பதும் விழுவதும் சூப்பில்தான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த சூப் எப்படி வருகிறது என்று ஒருநாள் கடைக்கார அம்மா நிதானமாகச் சொன்னார். மாட்டு எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுகிறார்கள், எலும்பைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் போட்டு, இரவு முழுக்கச் சிறு தீயில் விடுகிறார்கள். தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பும் அழுக்கும் சூப்போடு கலந்து கலங்கிவிடும், அதனால் இரவில் யாராவது ஒருவர் எழுந்து நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இஞ்சியையும் வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் கருகச் சுட்டு, கரியைச் சுரண்டிவிட்டு உள்ளே போடுகிறார்கள். அப்புறம் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, பெரிய ஏலக்காய், கொத்தமல்லி விதை, எல்லாம் வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி. நம் வீட்டுப் பிரியாணிக்கு எடுத்து வைக்கும் சாமான்கள்தான், ஆனால் எண்ணெயும் மிளகாய்த்தூளும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வாசம் மட்டும் இறங்கும்போது அதே பட்டையும் கிராம்பும் வேறு ஆளாகிவிடுகின்றன. கடைசியில் மீன் சாஸ், உப்பு, கொஞ்சம் கல்கண்டு. நல்ல நாளில் இந்தக் கடை சூப்பில் கிண்ணத்தின் அடி தெரியும்.

நல்ல நாள் என்று ஏன் சொல்கிறேன் என்றால் நேரத்தைப் பொறுத்து சூப் மாறுகிறது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். காலை 6 மணிக்குப் போனால் லேசாக, சுத்தமாக இருக்கும், மசாலா வாசம் முன்னால் நிற்கும். ஏழரை எட்டு மணிக்கு எலும்பின் ருசியும் மசாலாவும் சரிசமமாக வந்து நிற்கும், எனக்குப் பிடித்த நேரம் அதுதான். ஒன்பதரைக்கு மேல் வற்றி உப்பு ஏறிவிடும், மேலே கொழுப்பு கனமாக மிதக்கும், அதைத்தான் விரும்பி அந்த நேரம் பார்த்து வருகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். நடுவில் மாலையிலும் கடை திறக்க ஆரம்பித்தார்கள். காலையில் மிஞ்சியதில் தண்ணீர் சேர்த்து அஜினமோட்டோவால் சரிக்கட்டியது போல இருந்தது அந்த சூப். நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு தாகம். அந்த அம்மாவிடமே சொன்னேன், அவரும் மறுக்கவில்லை, மாலை நேரத்தைப் பையன் பார்த்துக்கொள்கிறான் என்றார். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனாலும் மாலையில் இங்கே போக வேண்டாம்.

நான் வழக்கமாகக் கேட்பது வெந்த நெஞ்சுக்கறியும் பச்சையாகச் சீவிய கறியும் பாதிப் பாதி. பச்சைக் கறியைத் தாள் மாதிரி சீவி, கிண்ணத்தில் நூடுல்ஸ் மேல் பரப்பி, கொதிக்கும் சூப்பை ஊற்றுவார்கள், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். அதைத் தனித் தட்டில் தரச்சொல்லிக் கேட்டுப் பாருங்கள், தருவார்கள். ஒவ்வொரு துண்டாக நாமே முக்கி எடுத்துச் சாப்பிட்டால் கறி விறைக்காது, சூப்பும் கடைசிவரை தெளிவாக இருக்கும். நூடுல்ஸ்தான் குறை. தினமும் வருகிற புது அரிசி நூடுல்ஸ்தான், ஆனால் கூட்ட நேரத்தில் வெந்நீரில் ஒரு நொடி அதிகம் விட்டுவிடுகிறார்கள், கடைசி வாய் குழைந்துபோகிறது. போன் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிற ஆளாக இருந்தால் இது ஒத்துவராது.

கூடவே ஒரு தட்டு நிறைய இலை வரும். துளசி வகை ஒன்று, ஓரம் ரம்பம் போல இருக்கும் நீள இலை ஒன்று (நம் கொத்தமல்லி வாசத்தை இரண்டு மடங்காக்கியது போல), பயறு முளை, எலுமிச்சை, மிளகாய். இது தெற்கின் வழக்கம். ஃபோ பிறந்தது வடக்கே, ஹனோய், 'நாம் தின்' (Nam Dinh) ஊர்கள் பக்கம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1954இல் ஜெனீவா ஒப்பந்தத்தில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து பல லட்சம் பேர் தெற்கே வந்தார்கள், அவர்களோடு ஃபோவும் சைகோனில் பரவி, இந்த ஊர் நாக்குக்கு இனிப்பும் இலைத் தட்டும் சேர்த்துக்கொண்டது. இந்த அம்மாவின் பெற்றோரும் அப்படி நாம் தின்னிலிருந்து வந்தவர்கள். வாடிக்கையாளர்களுக்கு மலைபோல இலை வைக்கிறார், ஆனால் கூட்டம் ஓய்ந்து அந்தக் குடும்பம் சாப்பிட உட்காரும்போது பாருங்கள், வெங்காயத்தாள் மட்டும்தான், முளையும் கிடையாது துளசியும் கிடையாது. 2024 ஆகஸ்டில் ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் வியட்நாம் அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த வாரம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

முதல் தடவை போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், மேசையில் இருக்கும் கறுப்பு ஹாய்சின் சாஸையும் சிவப்பு மிளகாய் சாஸையும் எடுத்தவுடன் கிண்ணத்துக்குள் ஊற்றாதீர்கள். இரண்டையும் சின்னத் தட்டில் விட்டுக் கறியைத் தொட்டுச் சாப்பிடலாம். எலுமிச்சையைக்கூடப் பாதி சாப்பிட்ட பிறகு பிழியுங்கள். இரவெல்லாம் கண்விழித்துக் காய்ச்சிய சூப், முதல் நாலு ஸ்பூனாவது தனியாகக் குடிக்க வேண்டாமா?

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இங்கே போகாதீர்கள். கோழி போட்டுத் தரச்சொன்னால் தருவார்கள், ஆனால் சூப் அதே அண்டாவிலிருந்துதான் வரும். கோழிக்கு என்றே தனிக் கடைகள் இருக்கின்றன, பலகையில் 'ஃபோ கா' என்று இருக்கிறதா பாருங்கள். சைவத்துக்கு 'ஃபோ சாய்'. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே பௌத்தர்கள் நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் அந்த நாட்களில் சைவக் கடைகளில் கூட்டம் அள்ளும், சூப்பும் புதிதாக இருக்கும். 'பென் தான்' (Ben Thanh) சந்தைக்குப் பக்கத்தில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு வருகிற தமிழ்நாட்டுக்காரர்கள் என்னிடம் சாப்பாட்டுக்கு வழி கேட்டால் இந்த இரண்டு பெயர்களைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

நான் வந்த புதிதில் ஒரு கிண்ணம் 45,000 டாங், இப்போது 65,000, நம் காசுக்கு ஏறக்குறைய 220 ரூபாய். விலை ஏறியபோது கறியின் அளவைக் குறைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மேசையில் இருக்கும் ஈர டிஷ்யூவைப் பிரித்தால் தனிக் காசு, கூடையில் இருக்கும் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி எத்தனை எடுத்தோமோ அத்தனைக்குக் காசு, ஐஸ் டீ மட்டும் இலவசம். ஏசி கிடையாது, ஏப்ரல் மாதத்தில் சூப் குடித்து முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். இப்போது கியூஆர் வைத்திருக்கிறார்கள், ஆனால் உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால்தான் வேலை செய்யும், சுற்றுலா வருகிறவர்கள் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெட் புத்தாண்டுக்கு ஒரு வாரத்துக்கு மேல் பூட்டிவிடுவார்கள், திறந்த முதல் இரண்டு நாளும் ஸ்டூல் கிடைக்காது, ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள்.