‘மூலிகை’ என்று சொல்லி விற்கும் எடைக்குறைப்பு மாத்திரை: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் தங்கைக்கு நடந்தது இது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எடை கூடிக்கொண்டே போகிறதே என்று கவலையில் இருந்தவள் கண்ணில் இணையத்தில் ஒரு விளம்பரம் பட்டது. நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவே கிடையாது என்றார்கள். வாங்கிச் சாப்பிட ஆரம்பித்ததுமே பசி அடங்கிவிட்டது, எடையும் இறங்கியது. கூடவே வாய் வறண்டது, தூக்கம் போனது, நாலு படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விற்ற பெண்ணிடம் கேட்டதற்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினார்: “உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளியேறுதுங்க சிஸ்டர், அதான் அப்படி இருக்கு. இப்ப நிறுத்தினீங்கன்னா போன எடை டபுளா திரும்பி வந்துடும்.” நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று ஒருத்தி சொல்லும்போது இப்படிப் பதில் சொல்ல எப்படித்தான் மனசு வந்ததோ. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு ராத்திரி மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. “வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?” என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, மூலிகை. அந்த ஒரு வார்த்தை டாக்டரிடமிருந்தே விஷயத்தை மறைத்துவிட்டது.

மறுநாள் டப்பாவை எடுத்துப்போய்க் காட்டினேன். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி எதுவும் அதில் இல்லை. இலைப் படம் மட்டும் பெரிதாக இருந்தது. டாக்டர் ஒரு கேப்சூலைப் பிரித்துக் காகிதத்தில் கொட்டினார். மூலிகைக்கு உண்டான நிறமோ வாசமோ இல்லாத வெள்ளைத் தூள்.

ஆய்வகத்தில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அறிகுறிகளைப் பார்த்தால் சிபுட்ரமின் மேல்தான் சந்தேகம் என்றார். ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்த மருந்துதான் அது. மூளையில் வேலை செய்து பசியை அடக்கும், அதோடு ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றிவிடும். இதய நோயோ சர்க்கரையோ உள்ள சுமார் 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்தினார்கள். கடையிலிருந்து போனது மூலிகை கேப்சூலுக்குள் புகுந்துகொண்டது. ‘இயற்கை’ என்று விற்ற மாத்திரைகளில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பெயர் போட்டே எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் தெரியாமல் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

சிபுட்ரமின் மட்டும்தான் என்றில்லை. சிறுநீர் பிரிய வைக்கும் மருந்தைக் கலந்தால் தராசு முள் இறங்கும், ஆனால் போனது கொழுப்பு இல்லை, தண்ணீர். கூடவே பொட்டாசியமும் போய் இதயத் துடிப்பு தாறுமாறாகும். எடை குறைக்க என்று விற்கும் டைநைட்ரோஃபீனால் என்ற ரசாயனம் இன்னும் பயங்கரம். உடம்புச் சூட்டைக் கட்டுக்கடங்காமல் ஏற்றும், முறிமருந்து கிடையாது. 1938இலேயே அமெரிக்காவில் தடை செய்தும் இணையத்தில் வாங்கிச் சாப்பிட்டு இளைஞர்கள் செத்திருக்கிறார்கள். அப்புறம், நிஜமான மூலிகை என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. செறிவூட்டிய கிரீன் டீ சாற்று மாத்திரையால் கல்லீரல் பழுதானவர்கள் உண்டு.

இப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்து படபடப்பு, நெஞ்சுவலி, மயக்கம், கண் மஞ்சளாவது என்று எது வந்தாலும் விற்றவரிடம் கேட்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, டப்பாவோடு நேராக டாக்டரிடம் போங்கள்.

தங்கை இப்போது தேறிவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்தப் பெண் எங்கள் எண்ணைத் தடுத்துவிட்டார். மீதி கேப்சூல்களையும் அந்தக் குரல் பதிவையும் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். அதே டப்பா, அதே இலைப் படம், வேறு பெயரில் இன்னும் விற்பனையில் இருக்கிறது.