கிடார் சத்தத்தைக் குறைக்க வாங்கிய பெட்டி, ஆம்ப்பையே ஊமையாக்கியது

வால்வு ஆம்ப்புக்கும் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிடார் ஒலியைப் பெருக்கும் கருவி) ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டிச் சத்தத்தைக் குறைப்பதற்கு ‘அட்டெனுவேட்டர்’ என்று யாராவது ஒரு கறுப்புப் பெட்டியை உங்களிடம் நீட்டினால், பணத்தை எடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. பெட்டிக்கு 12,500 ரூபாய் போனது. அது கெடுத்த ஆம்ப்பைச் சரிசெய்ய அதற்கும் மேலே போனது.

என்னுடையது 50 வாட் ஆம்ப். கடைசிக் கட்டத்தில் இரண்டு இ.எல்.34 வால்வுகள். வீடு சென்னை வேளச்சேரியில், அடுக்குமாடியின் மூன்றாவது தளம். மேல் வீட்டில் கைக்குழந்தை, கீழ் வீட்டில் எட்டரை மணிக்கே படுத்துவிடும் பெரியவர். இந்த ஆம்ப்புகளின் குரல் இனிப்பதே வால்வுகள் கொஞ்சம் திணறும்போதுதான். வால்யூமை ஒன்றில் வைத்தால் சளி பிடித்த தொண்டை போல ஒலிக்கிறது. ஐந்தில் வைத்தால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கதவைத் தட்டுகிறார். சின்ன ஆம்ப்புக்கு மாறினாலும் பெரிய விமோசனம் இல்லை. 50 வாட்டை 25 ஆக்கினால் குறைவது 3 டெசிபல்தான். காதுக்குப் பாதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ 5 வாட்டுக்கு இறங்க வேண்டும்.

இந்தத் தவிப்பைப் பெட்டி விற்ற கடைக்காரர் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். “சார், ஆம்ப்பைப் பத்தில் வையுங்கள், இந்தக் குமிழை மட்டும் திருப்புங்கள். அதே டோன், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது” என்றார். கடையிலேயே மாட்டி வாசித்தும் காட்டினார். ஆனால் எதில்? 5 வாட் ஆம்ப்பில், மூன்றே நிமிடம். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பெட்டியின் மேல் ‘100 வாட்’ என்று பளபளவென ஸ்டிக்கர் இருந்தது. அதைப் பார்த்ததோடு என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது.

கையில் தூக்கியபோதாவது யோசித்திருக்க வேண்டும். ஊறுகாய் டப்பாவின் கனம்கூட இல்லை. ஆம்ப் தள்ளுகிற மின்சக்தி மாயமாய் மறைந்துவிடாது. ஸ்பீக்கருக்குப் போகாதது அத்தனையும் பெட்டிக்குள் சூடாக மாறியாக வேண்டும். ரிச்சி தெருவில் வாங்குகிற சாதாரண சாலிடரிங் அயர்ன் 25 வாட். அப்படி இரண்டைப் பழுக்கக் காயவைத்து மூடிய டப்பாவுக்குள் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். போதாததற்கு, ஒலி முழுக்கக் கரகரக்கும் நிலையில் 50 வாட் ஆம்ப் அந்த 50ஐயும் தாண்டித் தள்ளும். இவ்வளவு சூட்டைத் தாங்கும் பெட்டியில் அலுமினியத் தகடுகளோ விசிறியோ இருக்கும். குறைந்தபட்சம் காற்றுப் போக நாலு துளையாவது இருக்கும். இதில் ஒரு துளைகூட இல்லை.

டோனும் அவர் சொன்னது போல இல்லை. கம்பளிக்குள் வைத்து வாசித்தது போல மந்தமாக இருந்தது. சத்தம் குறைந்தால் அடிச்சுருதியையும் உச்சக் கூர்மையையும் நம் காது குறைவாகத்தான் வாங்கும். பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து சொன்ன விஷயம் இது. ஆகவே குற்றம் என் காதில்தான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாதிக் காரணம் மட்டுமே அது. 8 ஓம் (மின்தடையின் அளவு) என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா சுருதிக்கும் 8 ஓமாக நிற்பதில்லை. அடியில் ஓரிடத்தில் பல மடங்கு ஏறும், மேலே போகப் போக மறுபடியும் ஏறும். வால்வு ஆம்ப்பின் உயிர்ப்பில் ஒரு பங்கு அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து வருகிறது. நல்ல அட்டெனுவேட்டர்கள் காயிலும் கெப்பாசிட்டரும் வைத்து அதைப் போலச் செய்கின்றன. கனமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எட்டாம் நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். மிக்சி மோட்டார் கருகுவது போல வாசனை வந்தது. ஒலி இரண்டு முறை கரகரத்து நின்றது. ஸ்பீக்கர் மௌனமாக இருக்க, ஆம்ப்புக்குள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று பொறி பறக்கும் ஓசை. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் ஃபியூஸ் போய்விட்டது.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு மைக் செட்காரரிடம் போனேன். மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். “இது ட்வீட்டருக்குப் போடுகிற எல்-பேட் ஆச்சே தம்பி, கல்யாண மண்டபத்து பாக்ஸில்கூட இருக்கும்” என்றார். ட்வீட்டர் என்பது உச்ச சுருதிகளுக்கான குட்டி ஸ்பீக்கர், எல்-பேட் அதன் சத்தத்தைக் குறைக்கும் குமிழ். அதன் முதுகில் ‘15 வாட், 8 ஓம்’ என்று அச்சிட்டிருந்தது தெளிவாகவே தெரிந்தது. உள்ளே வேறு எதுவும் கிடையாது. கம்பிச்சுருள் கருகி அறுந்திருந்தது. ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குப் போட இலவசமாகத் தந்த வயரும் ஸ்பீக்கர் வயர் அல்ல, கிடாருக்குச் செருகுகிற மெல்லிய ஷீல்டு வயர்.

சுருள் அறுந்ததும் ஆம்ப்புக்கு எதிரே சுமையே இல்லாமல் போயிற்று. வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான். போக வழியில்லாத சக்தி, வால்வுகளையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் திரும்ப எகிறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி, சுற்றுகளுக்கு இடையிலுள்ள காப்பைத் துளைத்துவிடும். எனக்கும் அதுதான் நடந்தது. டிரான்ஸ்பார்மருக்குப் புதிதாகக் காயில் கட்ட 7,000 ரூபாய், இரண்டு வால்வுகளுக்கு 6,000 ரூபாய்.

கடைக்காரர் முதலில், “நீங்கள் அதிகமாக வைத்து வாசித்திருப்பீர்கள்” என்றார். பத்தில் வைக்கச் சொன்னவரே அவர்தான்! பிறகு, “வாரண்டி பெட்டிக்குத்தான், ஆம்ப்புக்கு இல்லை” என்றார். மூன்றாவது முறை போனபோது, 18,000 கொடுத்தால் தானே ஆம்ப்பைச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். அந்தத் துணிச்சலை நான் உண்மையிலேயே வியந்தேன்.

நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தேன். அவர்கள் முதலில் கேட்டது பில். என்னிடம் இருந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. பணத்தை யு.பி.ஐ. வழியாக அனுப்பியிருந்ததால் அந்தப் பதிவாவது மிஞ்சியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே போவதற்கு முதற்படியாகக் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

இதே போன்ற பெட்டி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் மாட்டி, ஆம்ப் பக்க வாயிலில் மல்டிமீட்டர் வைத்துக் குமிழை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வெறும் ரெசிஸ்டர் வகை 8 ஓம் பெட்டி எல்லா இடத்திலும் 6 முதல் 8 ஓம் வரை காட்ட வேண்டும். ஓரிடத்தில் எண் தாவினாலோ இணைப்பே விட்டுப்போனாலோ ஆம்ப்பில் மாட்டாதீர்கள். அளவு சரியாக வந்தாலும் அது எத்தனை வாட் தாங்கும் என்று மீட்டர் சொல்லாது. அதற்கு மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நான் இப்போது ஆம்ப்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பில் (முன்கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவிலுள்ள வாயில்) சின்ன வால்யூம் பெட்டி ஒன்றைச் செருகி வாசிக்கிறேன். உள்ளே ஒரே ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். மைக் செட்காரர் 300 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்தார். அதில் ஓடுவது சிறு சிக்னல் மட்டுமே. அறுந்தாலும் ஒலி நிற்குமே தவிர ஆம்ப் சாகாது. இ.எல்.34 திணறும் சுகம் இதில் கிடைக்காது, முன்கட்ட வால்வுகளின் கரகரப்பு மட்டும்தான். பேஸையும் ட்ரெபிளையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் இரவு வாசிப்புக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கருகிய பெட்டியை மூடி மாட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். ஆணையத்தில் கேட்டால் காட்ட வேண்டுமே.