ஸ்டிங்ரே: மங்கலான எக்ஸ் கதிர் மூலங்களின் துடிப்பைத் தேடுபவர்களுக்கு நல்ல கருவி

கருந்துளைகளின் எக்ஸ் கதிர் வெளிச்சம் சில நொடிகளுக்குள் ஏறி இறங்குவதை அலச, இன்னும் பலர் யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்டுகளை வைத்தே ஒப்பேற்றுகிறார்கள். அந்தப் பாடு இனி வேண்டாம். பைத்தானில் இயங்கும் ஸ்டிங்ரே என்ற மென்பொருள் தொகுப்பு இலவசம், திறந்த மூலம், நம்பி இறங்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இடைவெளிகளை அது கையாளும் விதம். நூஸ்டார் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கி ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்குப் பின்னால் போகும்போது பெரும்பாலான மூலங்கள் (அது பார்க்கும் எக்ஸ் கதிர்ப் பொருள்கள்) மறைந்துவிடும், தரவில் ஓட்டை விழும். ஸ்டிங்ரே நல்ல நேரப் பட்டியலை (தரவு சரியாகக் கிடைத்த நேரங்கள்) கோப்பிலிருந்தே எடுத்து, எந்தத் துண்டும் ஓட்டையின் மேல் விழாமல் வெட்டி, எல்லாத் துண்டுகளின் திறன் நிறமாலையையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்பதன் வரைபடம்) சராசரியாக்கித் தந்துவிடுகிறது. துண்டின் நீளத்தை மட்டும் நீங்கள்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

எம்82 விண்மீன் மண்டலத்தில் உள்ள எக்ஸ்-1 என்ற எக்ஸ் கதிர் மூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் வானியலாளர்கள் ஸ்ட்ரோமேயரும் முஷோட்ஸ்கியும் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கியின் தரவில் கண்ட அலைவு 54 மில்லிஹெர்ட்ஸ், அதாவது ஒரு அலைக்குச் சுமார் 18.5 நொடி. 64 நொடித் துண்டு கொடுத்தால் நிறமாலையின் ஒவ்வொரு அதிர்வெண் கட்டமும் 16 மில்லிஹெர்ட்ஸ் அகலமாகி, அந்த அலைவு எழுப்பும் மேடு அமுங்கிப்போகும். 512 நொடி கொடுத்தால் கட்டம் 2 மில்லிஹெர்ட்ஸ்தான். லீஹி அளவீட்டில் (திறனை அளக்கும் ஒரு வழக்கமான முறை) இரைச்சல் 2 என்ற மட்டத்தில் தட்டையாகக் கிடக்க, அதற்கு மேலே மேடு தனியாக எழுந்து நிற்கும். எக்ஸ்-1 போன்ற மீயொளிர் மூலங்களிலிருந்து (மிகமிக அதிகமாக எக்ஸ் கதிர் உமிழும், ஆனால் தொலைவில் உள்ள பொருள்கள்) வரும் ஃபோட்டான்கள் குறைவு என்பதால் இந்த ஒரு முடிவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

துடிப்புத் தேடலும் உள்ளேயே இருக்கிறது. அதே மண்டலத்தின் எம்82 எக்ஸ்-2-இல் 1.37 நொடித் துடிப்பைக் கண்டு, அது கருந்துளையே இல்லை, நியூட்ரான் விண்மீன் என்று 2014-இல் காட்டிய குழுவின் தலைவர் மத்தேயோ பக்கெட்டி இதை எழுதியவர்களில் ஒருவர், அந்த அனுபவம் இதில் தெரிகிறது. 2018 வரை மிகப் பிரகாசமாக இருந்த ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை போன்றவற்றின் தரவைப் பார்ப்பவர்களுக்கு, நூஸ்டாரின் 2.5 மில்லிநொடிச் செயலற்ற நேரம் (ஒரு ஃபோட்டானைப் பதிந்த பின் அடுத்ததைப் பதிய முடியாத இடைவெளி) நிறமாலையை வளைப்பதைச் சரிசெய்யும் வழியும் உண்டு.

குறை என்றால், புதிதாக வருபவருக்குத் தாமத நிறமாலைப் பகுதி (ஓர் ஆற்றலின் ஒளி இன்னொன்றைவிட எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்ப்பது) கொஞ்சம் கனம். சூரியக் குடும்ப மையத்துக்கு நேரத்தைத் திருத்துவதை அந்தந்த விண்கலத்தின் மென்பொருளிலேயே முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம், எக்ஸ்-1-ம் எக்ஸ்-2-ம் வானில் வெறும் 5 ஆர்க்நொடி தள்ளித்தான் இருக்கின்றன. நூஸ்டாருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். துடிப்பு யாருடையது என்பதை ஸ்டிங்ரே சொல்லாது, அதற்குச் சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.