விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

விண்டோஸ் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு லினக்ஸ் வைத்துத்தான் சில வருடங்களாக வேலை செய்கிறேன். இரண்டு பக்கமும் கோப்புகள் போய்வர ஷேர்டு ஃபோல்டர் கட்டாயம் வேண்டும். ஆனால் அது கைமாற்றுவதற்கான இடம், வேலை செய்வதற்கான இடம் இல்லை. இது என் உறுதியான கருத்து.

அமைப்பது எளிது. உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை நிறுவி, விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் ஃபோல்டரைக் காட்டி, அது தானாக இணைய ஆட்டோ மவுண்ட்டை டிக் செய்தால் போதும். முதல் தடவை திறக்கும்போது அனுமதி இல்லை என்று வரும். புதியவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். உபுண்டுவில் 'விபாக்ஸ்எஸ்எஃப்' (vboxsf) என்ற குழுவில் உங்கள் யூசரைச் சேர்த்து, லாக் அவுட் செய்துவிட்டு மறுபடி நுழைந்தால் திறக்கும்.

சரி, ப்ராஜெக்ட் கோடையே அதில் வைத்தால் என்ன? ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் (npm install) கட்டளையை ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை எழுதுவதற்குள் பொறுமை போய்விடும். அதோடு, பாதுகாப்புக்காக விர்ச்சுவல்பாக்ஸ் 4.0 முதல் ஷேர்டு ஃபோல்டருக்குள் சிம்லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) உருவாக்குவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறார்கள். என்பிஎம்முக்கோ சிம்லிங்க் வேண்டும். இன்னொரு தொல்லை: விண்டோஸ் பக்கம் ஒரு கோப்பைத் திருத்தினால் அந்தத் தகவல், கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் லினக்ஸின் ஐநோட்டிஃபைக்குப் போய்ச் சேராது. கோப்பு மாறினால் தானாக ரீலோட் ஆகும் டெவலப்மென்ட் சர்வர், கோப்புகளை அவ்வப்போது தானே போய்ப் பார்க்கும் போலிங் முறைக்கு மாற்றினால் தவிர, அசையாமல் இருக்கும். அதனால் கோட் முழுவதும் உபுண்டுவின் வட்டிலேயே இருக்கிறது. விண்டோஸிலிருந்து விஎஸ் கோட் எடிட்டரில் எஸ்எஸ்ஹெச் (SSH) என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகத் திறந்து எழுதுகிறேன்.

ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையைச் சேமித்து வைப்பது) விஷயத்தை அவசியம் கவனியுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் விர்ச்சுவல் மெஷின் மட்டும்தான் பழைய நிலைக்குப் போகும். ஷேர்டு ஃபோல்டரில் அழித்த கோப்பு அழிந்ததுதான், ஏனென்றால் அது ஹோஸ்டின், அதாவது வெளியே இருக்கும் அசல் கணினியின், வட்டில் இருக்கிறது. அதே காரணத்தால், ஸ்னாப்ஷாட்டைத் திருப்பும்முன் காப்பாற்ற வேண்டிய லாக், டேட்டாபேஸ் பேக்கப் எல்லாவற்றையும் அங்கே போட்டுவிடுவேன்.

நம்பிக்கையில்லாத மென்பொருளைச் சோதிக்கும் மெஷினுக்கு ரீட் ஒன்லி மட்டுமே தாருங்கள், இல்லையென்றால் ஷேரே வேண்டாம். எழுத அனுமதி இருந்தால், உள்ளே ஓடும் ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அந்த ஃபோல்டரையும் பூட்டிவிடும்.

ஹோஸ்டே லினக்ஸ் என்றால், விர்ச்சுவல் மெஷின் ஓட்ட லினக்ஸிலேயே இருக்கும் கேவிஎம்மோடு (KVM), ஃபோல்டரைப் பகிரும் விர்ட்டியோஎஃப்எஸ் (virtiofs) எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.4 முதல் விர்ட்டியோஎஃப்எஸ் இருக்கிறது. கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் விர்ட் மேனேஜரில் மெமரி பகுதிக்குப் போய் ஷேர்டு மெமரியை முதலில் இயக்க மறக்காதீர்கள்.