பழைய பெட்ரோல் அடைத்த ஜெனரேட்டரும் பட்டுக்கோட்டைப் பட்டறையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்ற, வாடகை ஜெனரேட்டர் நம் வீட்டு வாசலுக்கு வரும் முறைக்காகத் தெருவே காத்துக் கிடந்தது. அந்த அவதியை மறக்க முடியாமல் அடுத்த ஆண்டே வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைத்தான் சென்ற ஐப்பசியில், மழைக்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தேன். பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு காதுகுத்து விழாவுக்கு ஓடியது; டேங்கில் மீதியிருந்த பெட்ரோலோடு அப்படியே மூடி வைத்திருந்தோம்.

தோள்பட்டை வலிக்கும்வரை கயிற்றை இழுத்ததில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை முழுதாக மூடினால் ஸ்டார்ட் ஆகிறது, திறந்தால் நின்றுவிடுகிறது. பாதியில் நிறுத்தி வைத்தால் சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மாட்டிய பல்பும் அதற்கேற்ப மினுக்குகிறது. புது பிளக் போட்டும், பழைய பெட்ரோலின் மேலேயே புது பெட்ரோலை ஊற்றியும் பார்த்தேன். இரண்டாவது செயல் எவ்வளவு மடத்தனம் என்பது பிறகுதான் புரிந்தது. முதலில் காட்டிய ஒரு கடையில், கழற்றிப் பார்க்காமலேயே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை மாற்ற வேண்டும், 2,800 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு உறவினர் ஒருவர் சொல்லித்தான் பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சந்து ஒன்றுக்குள் இருக்கும் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது. சுவரில் வரிசையாகத் தொங்கும் மரம் அறுக்கும் இயந்திரங்களே அடையாளம். அவற்றில் பல, புயலில் சாய்ந்த தென்னைகளை அறுப்பதற்காக அந்த நேரத்தில் அவசரமாக வாங்கப்பட்டு, வேலை முடிந்ததும் மறக்கப்பட்டவை. என் ஜெனரேட்டரின் கதையும் அதுதான் என்பதால் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

மெக்கானிக் ஐம்பது வயதைக் கடந்தவர். எஞ்சினைத் தொடுவதற்கு முன் அவர் கேட்டது ஒரே கேள்வி: “பெட்ரோல் எப்ப ஊத்துனதுண்ணே?” பதிலைக் கேட்டதும் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்ததுபோல் ஒரு புளித்த நெடி. பிறகு டேங்கிலிருந்ததைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் இறக்கிப் பெஞ்சு மேல் வைத்தார். நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வேறொரு படலம் தனியாகப் பிரிந்து நின்றது. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே தங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் டேங்கின் அடியிலிருந்துதான் கிளம்புகிறது என்பதால், எஞ்சின் முதலில் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இப்போது எங்கும் அதுவே கிடைக்கும் நிலையில், எப்போதாவது மட்டும் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என் விஷயத்தில் கொட்டகை ஓட்டின் ஒழுக்கும் மூடி வழியாகக் கொஞ்சம் உதவியிருக்கலாம். பழியை எத்தனால் மேல் மட்டும் போட மனம் வரவில்லை.

அடுத்து நடந்த வேலையை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன், அதற்கு அவர் தடை சொல்லவில்லை. கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தை ஒற்றை போல்ட்டைக் கழற்றி இறக்கியபோது, உள்ளே தேன் நிறத்தில் ஒரு பிசின் படிந்திருந்தது. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி சில மாதங்களில் போய்விட, எஞ்சியது காற்றோடு வினைபுரிந்து இப்படிக் கெட்டிப்படுகிறது. பெட்ரோல் பாயும் நுண்துளை கொண்ட மெயின் ஜெட்டைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார்; துளையின் ஓரத்தில் பாதி மூடிய பிறை போல வெளிச்சம் தெரிந்தது. சிறிய ஜெட்டில் அந்த வெளிச்சமும் இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் சுமையில்லாமல் ஓடும்போதும் பெட்ரோல் தருவது அந்தச் சிறிய ஜெட்தான். அது அடைபட்டால் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது, வேகம் விழுகிறது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் உடனே கலவை போகும் வழியான த்ராட்டிலைத் திறக்கிறது, வேகம் எகிறுகிறது, கவர்னர் மறுபடி மூடுகிறது. வீட்டில் நான் கேட்ட ஏற்ற இறக்கச் சத்தத்துக்கு இதுதான் காரணம்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கான முதல் காரணம் இதற்குப் பிறகு வந்தது. ஊசியோ இரும்புக் கம்பியோ எடுக்காமல், மின்வயரின் தோலைச் சீவி, உள்ளிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதைக் கொண்டே துளையைச் சுத்தம் செய்தார். பித்தளை ஜெட்டை இரும்பால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பிறகு ஆயுளுக்கும் கரும்புகைதான் என்றார். ரப்பர் வளையங்களை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, கம்ப்ரஸர் காற்றை ஒவ்வொரு வழியிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து செலுத்தினார். டேங்கின் சல்லடையையும் ரப்பர் குழாயையும் விட்டுவைக்கவில்லை. மாட்டி முடித்ததும் இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மல்ட்டிமீட்டரில் சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டியது. பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்திருக்கிறார், அதை மாட்டியதும் வீட்டு மின்சாரத்தின் அளவான 50-இல் நிலைத்து நின்றது.

கூலி 700 ரூபாய். புதிய பெட்ரோல் குழாய்க்குத் தனியாக 80. புதுக் கார்புரேட்டர் விற்று லாபம் பார்க்கும் வாய்ப்பு இருந்தும் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இயந்திரத்தை விட்டுவிட்டுப் போனால் மூன்று நாளில் என்பது எட்டு நாளாகிறது, தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதும் இல்லை. நான் பார்த்த வேலை முழுவதும் எட்டாம் நாள் நேரில் போய் உட்கார்ந்த பிறகு நடந்ததுதான். ரசீது கேட்டால் சிரிக்கிறார். கிண்ணத்தில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்ததால் மறுநாள் காலை வீட்டுத் தரையில் பெட்ரோல் சொட்டி நனைந்திருந்தது. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார் என்றாலும், முப்பது ரூபாய்ப் பொருளுக்காக அவ்வளவு கனமான இயந்திரத்தை மறுபடி ஆட்டோவில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. இறக்கிய கெட்ட பெட்ரோலைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை, அவரிடமே சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது அவர் சொல்லிக் கொடுத்த ஒரு பழக்கத்தை இப்போது கடைப்பிடிக்கிறேன். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்காமல் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி எஞ்சிய சொட்டுகளையும் வடிக்க வேண்டும். ஒன்றிரண்டு மாதங்களுக்கு மேல் தேவைப்படாது என்றால் டேங்கையும் காலிசெய்து, அந்தப் பெட்ரோலைப் பழையதாவதற்குள் இருசக்கர வண்டியில் ஊற்றிக்கொள்ளலாம்.

போக விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் போகலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. புது கேஸ்கட் போடச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.