புதுமைப் பெண் திட்டம்: முதல் தவணையிலிருந்து கடைசித் தவணை வரை பார்த்த ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

2022 செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், நான் வேதியியல் கற்பிக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் அந்தக் கல்வியாண்டிலேயே வந்து சேர்ந்தது. வட மாவட்டம் ஒன்றில், சுற்றிலும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகிற ஊர் எங்களுடையது. மாணவிகளின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து இணையத்தில் பதிவேற்றும் பொறுப்பு எங்கள் துறையில் எனக்கு அளிக்கப்பட்டது. அந்த ஆண்டு முதலாமாண்டில் சேர்ந்த பெண்கள் 2025-இல் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சுற்று முழுவதையும் அருகிலிருந்து பார்த்துவிட்டேன் என்ற துணிவில்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

திட்டம் தருவது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்பிலோ பட்டயப் படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தால், அந்தப் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கில் நேரடியாக வரவாகும். வேறு கல்வி உதவித்தொகை பெற்றுக்கொண்டிருந்தாலும் இது கிடைக்கும். 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவிகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. பையன்களுக்காகத் தமிழ்ப் புதல்வன் என்ற தனித் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

ஆயிரம் ரூபாய் என்பது பெரிய தொகையா என்று கேட்பவர்களை எங்கள் ஆய்வகத்துக்கு ஒருநாள் அழைத்துவர வேண்டும் போலிருக்கும் எனக்கு. இரண்டாமாண்டு மாணவிகள் தரம்பார்த்தல் (கரைசலின் செறிவை அளக்கும் சோதனை) செய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பியூரெட்டின் குழாயைத் திருகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேலங்கிப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. குடுவையில் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் நேரம் என்பதால் அவள் கண்ணை எடுக்கவில்லை. அளவைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எடுத்துப் பார்த்தாள். "மேம், காசு ஏறிடுச்சு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். அந்த மாதம் அவள் ரெக்கார்டு நோட்டும் வாங்கினாள், கைப்பேசிக்கு ரீசார்ஜும் செய்துகொண்டாள், மூக்குக் கண்ணாடியின் உடைந்த காலையும் மாற்றினாள். அதுவரை ரெக்கார்டு நோட்டுக்குக்கூடச் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அண்ணனிடம் கேட்டு, சனிக்கிழமைக் கூலி வரும்வரை காத்திருந்தவள் அவள். இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் எது என்று என்னைக் கேட்டால், பணம் அப்பாவின் கணக்குக்குப் போகாமல் மாணவியின் சொந்தக் கணக்குக்கு வருவதைத்தான் சொல்வேன். பதினெட்டு வயதில் தன் பெயரில் ஒரு கணக்கும், அதில் மாதந்தோறும் விழும் ஒரு தொகையும் இருந்தால், அது ஒரு பெண் வீட்டில் பேசும் பேச்சையே மாற்றிவிடுகிறது. இதை வகுப்பில் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

திட்டத்தின் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றத்தின் அளவு இன்னும் நன்றாகப் புரியும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989-இல் தொடங்கப்பட்டது திருமண நிதியுதவித் திட்டம். பின்னாளில் அதனோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டம் அல்லது பட்டயம் பெற்ற மணப்பெண்ணுக்கு 50,000 ரூபாயும் எட்டு கிராம் தங்கமும் என்ற நிலையில் இருந்த அதே திட்டம்தான் உயர்கல்வி உறுதித் திட்டமாக, அதாவது புதுமைப் பெண்ணாக மாற்றப்பட்டது. தேவதாசி முறையை ஒழிக்க வாழ்நாள் முழுவதும் போராடிய ஒரு பெண்மணியின் பெயர், தாலிக்குரிய தங்கத்திலிருந்து விடுபட்டு வகுப்பறைக்குரிய பணத்தோடு சேர்ந்ததில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. ஆனால் எல்லா வீடுகளும் அதை அப்படிப் பார்க்கவில்லை. சேர்க்கையின்போது ஒரு தாய் என்னிடம், "அந்தத் தங்கம் இருந்தா ஒரு பெரிய பாரம் குறைஞ்சிருக்கும், டீச்சர்" என்று வருத்தப்பட்டார். அவரிடம் பேராசை இல்லை. திருமணச் செலவு என்ற கவலை வீட்டில் அப்படியே இருக்கும்போது, மூன்று ஆண்டுகளில் சிறுகச் சிறுக வந்து செலவாகிவிடும் முப்பத்தாறாயிரம் ரூபாயை அதற்கு ஈடாக வைத்துப் பார்ப்பது அவருக்குக் கடினமாக இருந்தது. அந்தப் பெண் வேலைக்குப் போனால்தான் அம்மாவின் கணக்கு நேராகும். திட்டம் சறுக்குகிற இடமும் அதுதான்.

கல்லூரிக்குள் வருவதைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுப் பெண்கள் பின்தங்கியவர்கள் இல்லை. அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (கல்லூரி வயதினரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்கள்) நூற்றுக்கு 47.0, பெண்களைத் தனியாகப் பார்த்தால் 47.3, ஆண்களைப் பார்த்தால் 46.8. நாடு முழுவதற்குமான விகிதம் 28.4 மட்டுமே, அங்கும் பெண்கள் ஆண்களைவிட ஒரு மயிரிழை முன்னால்தான் இருக்கிறார்கள். ஆனால் வேலைக் கணக்கைப் பாருங்கள். 2023-24-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வில், இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 78.8 பேர் வேலையில் இருந்தார்கள் அல்லது வேலை தேடினார்கள். பெண்களில் அது 41.7. இரண்டாவது கணக்கில் எல்லா வயதினரும் கல்லூரிப் பக்கமே போகாதவர்களும் அடங்குவார்கள் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. இருந்தாலும், வகுப்பறையில் சமமாக உட்கார்ந்திருந்தவர்கள் சம்பளப் பட்டியலில் ஏன் சமமாக இல்லை என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

என் அனுபவத்தில் அதற்கான பதில், கடைசித் தேர்வுக்கும் முதல் சம்பளத்துக்கும் இடைப்பட்ட ஆறேழு மாதத்தில் இருக்கிறது. ஏப்ரலிலோ மே மாதத்திலோ தேர்வு முடிகிறது. உதவித்தொகை நிற்கிறது. மாணவருக்கான பேருந்துப் பயண அட்டை காலாவதியாகிறது. மதிப்பெண் பட்டியலும் தற்காலிகச் சான்றிதழும் கைக்கு வருவதற்குள் சில வாரங்கள் போய்விடுகின்றன. அதுவரை தினமும் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பெண், இப்போது வீட்டிலேயே இருக்கிறாள். உறவினர் கண்ணில் படுகிறாள். ஜாதகம் எடுக்கப்படுகிறது. ஒரு பையன் இதே ஆறு மாதத்தைச் சென்னையில் நண்பனின் அறையில் தரையில் படுத்து ஓட்டிவிடுவான், பத்து நேர்காணலுக்குப் போவான், பதினோராவதில் வேலை வாங்குவான். அவன் வகுப்பிலேயே அவனைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண்ணுக்கு அந்தத் தரையும் இல்லை, நேர்காணலுக்குப் போய்வர யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய பணமும் இல்லை. உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் மாதத்தில் திட்டம் அவளை விட்டுவிடுகிறது என்பதே என் முதன்மையான குறை.

நான் சொன்ன அந்த ஆய்வக மாணவியின் கதையும் இதுதான். சென்னையின் தெற்குப் புறநகரில் மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவளுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. உள்ளூர் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மூன்று ஆண்டும் கல்லூரிக்கு வந்துபோவதில் அவளுக்குச் சிரமம் இருந்ததில்லை. விடியல் பயணம் என்ற அந்தக் கட்டணமில்லாப் பயணத் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கே பொருந்தும் என்பதால், சென்னை போகும் வெளியூர்ப் பேருந்தில் அவளுக்கும் துணைக்குப் போன அப்பாவுக்கும் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. அங்கே அவளிடம் கேட்ட முதல் கேள்வி, ஹெச்.பி.எல்.சி. கருவியை இயக்கியிருக்கிறாயா என்பது. கலவையில் இருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் அந்தக் கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை, புத்தகத்தில் படம்தான் இருக்கிறது. அந்தப் பதிலை அவள் நேர்மையாகச் சொன்னாள். பயிற்சியாளராக எடுத்துக்கொள்கிறோம், இரண்டு வாரத்தில் சேர வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள்.

கடிதம் வந்த பிறகுதான் உண்மையான தடை வந்தது. எங்கே தங்குவது? தனியார் விடுதி ஒன்றில் இரண்டு மாத முன்பணம் கேட்டார்கள், அறையில் ஆறு கட்டில், வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. அப்பா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது இது: "வேலை நல்ல வேலைதான் மேடம். புள்ளைய எங்க விட்டுட்டு வர்றது?" இதைப் பிற்போக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் தகப்பனாக இருந்திருந்தாலும் அந்த அறையில் விட்டிருக்க மாட்டேன்.

அரசு நடத்தும் தோழி விடுதிகளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பணிபுரியும் பெண்களுக்கான இந்த விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு, திருச்சி, சேலம், வேலூர் உள்ளிட்ட ஊர்களில் இயங்குகின்றன. விரல்ரேகை வைத்துத்தான் நுழைய முடியும், இருபத்து நான்கு மணி நேரமும் காவல் உண்டு என்று விளக்கியபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த வாரம் மகளும் அவரும் நேரில் போய்ப் பார்த்தார்கள். அவள் சேர்ந்தாள். மூன்று ஆண்டுகள் அவளுக்குப் பணம் தந்த திட்டத்தின் எந்தப் படிவத்திலும், எந்தக் குறுஞ்செய்தியிலும், இந்த விடுதியைப் பற்றி ஒரு வரி அவளுக்கு வந்ததில்லை. அவளுடைய பெயரும் கைப்பேசி எண்ணும் படிப்பு முடியும் மாதமும் பதிவில் இருக்கும்போது, கடைசித் தவணையோடு தோழி விடுதியின் தகவலையும் அனுப்புவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. அவளோடு ஒரே மேசையில் ஆய்வு செய்த தோழி, மதிப்பெண்ணில் இவளைவிட ஒருபடி மேல், படிப்பு முடித்த அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே திருமணமாகிப் போனாள். அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று அச்சிட்டிருந்ததைக் காட்டிச் சிரித்தாள். எம்.எஸ்சி. சேர விருப்பம் இருந்தது. முதுநிலைக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று தெரிந்ததும் வீட்டில் பேச்சு முடிந்துபோனதாகச் சொன்னாள்.

2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் திறன் படிப்புகள் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வருவதால் எங்கள் மாணவிகளும் அவற்றைப் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் தயக்கம் ஓரளவு குறைந்திருக்கிறது. வேதியியல் படித்த பெண்ணுக்கு வேதியியல் வேலைக்கான கருவிப் பயிற்சி கிடைத்தால் இன்னும் பயன் இருக்கும் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

தொழிற்சாலை வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. படுக்கை தந்தால் பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்பதை அரசும் தொழில்துறையும் அறிந்திருக்கின்றன என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் எங்கள் கல்லூரிக்கு முகாம் நடத்த வந்த ஒரு நிறுவனம், மூன்றாண்டு பட்டம் முடித்த பெண்களுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம் என்றது. மாணவன் ஒருவனுக்கு மட்டும் மேற்பார்வைப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. காரணம் கேட்டேன். "இரவு ஷிஃப்ட் மேடம்" என்றார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியிடம்கூட இரவு ஷிஃப்டுக்கு வருவாயா என்று கேட்கப்படவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

என் மதிப்பீடு இதுதான். கல்லூரிக்குள் கொண்டுவருவதற்கும் படிப்பை நடுவில் விடாமல் முடிக்கவைப்பதற்கும் இது மிக நல்ல திட்டம், தயங்காமல் பரிந்துரைப்பேன். வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அது பாதியில் நின்றுவிடுகிறது. கடைசித் தேர்வுக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு அதே 1,000 ரூபாயைத் தொடர்ந்தால் போதும். ஒரு பெண்ணுக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவு 6,000 ரூபாய். நேர்காணல் கடிதத்தைக் காட்டினால் வெளியூர்ப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஏற்பாடும் அதோடு சேர்ந்தால், நான் வழியனுப்பிவைத்த எத்தனையோ பெண்கள் இன்னும் நான்கு நேர்காணல்களுக்காவது போயிருப்பார்கள்.

இந்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்குச் சில செய்திகள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அதில் ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இல்லாததால்தான் எங்களிடம் பல விண்ணப்பங்கள் தாமதமாயின. ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் விவரங்களைக் கையோடு கொண்டுவாருங்கள். மூன்றாமாண்டின் தீபாவளிக்குப் பிறகு வரும் தவணைகளில் முடிந்ததை எடுக்காமல் விட்டுவைத்துப் பழகுங்கள். அந்த ஆய்வக மாணவி அப்படிச் சேர்த்து வைத்திருந்த 3,500 ரூபாயில்தான் சென்னைக்குப் பேருந்துச் சீட்டும், நேர்காணலுக்கு ஒரு ஜோடி காலணியும் வாங்கினாள்.